பனிக்குத் தப்பிய ஆடுகள் தீனியில் இறந்த கதை: லடாக்கில் ஒரு பஷ்மினா மந்தையின் குளிர்காலம்

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் பெய்த கடும்பனியில் ஆயிரக்கணக்கான பஷ்மினா ஆடுகளும் குட்டிகளும் மடிந்தன. அந்த மேட்டுநிலத்தின் ரூப்ஷு பகுதியில் ஒரே ஒரு குடும்பத்தின் மந்தைக்கு அந்தப் பனியில் நேர்ந்ததை இங்கே பதிவுசெய்கிறேன். லே நகரிலிருந்து சென்ற கால்நடை உதவிக் குழுவில் நான் மருத்துவராக இருந்தேன். குடும்பத்தாரின் பெயரையும் அவர்கள் தங்கும் பள்ளத்தாக்கின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். எண்ணிக்கைகள் என் குறிப்பேட்டில் அன்றன்று எழுதியவை.

பின்னணி

சாங்தாங் ஆட்டை அங்குள்ள மேய்ப்பர்கள் ‘ரா’ என்பார்கள். அதன் மேல்முடி நீளமானது, முரடானது. அதற்கு அடியில் தோலை ஒட்டி வளரும் மெல்லிய பூமுடிதான் பஷ்மினா. லடாக்கி மொழியில் ‘லேனா’. ஓர் இழையின் தடிப்பு 12 முதல் 15 மைக்ரான். ஒரு ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சுமார் கால் கிலோ கிடைக்கும். வெட்டி எடுப்பதில்லை. கோடையில் தானாக உதிரத் தொடங்கும்போது இரும்புச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். இந்த ஆடுகளை வளர்க்கும் சாங்பா மக்கள் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே, மரமே இல்லாத குளிர்ப் பாலைவனத்தில், பருவத்துக்கு ஒரு மேய்ச்சல் நிலம் என்று இடம் மாறிக்கொண்டே வாழ்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் குளிர்காலத் தங்கல் புகா வெந்நீர் ஊற்றுகளிலிருந்து ஒருநாள் நடைத் தொலைவில் இருந்தது. அறுபதைக் கடந்த பெரியவர், அவர் மனைவி, இளைய மகன் ஆகிய மூவர்தான் தங்கலில் இருந்தார்கள். மூத்த மகன் பிள்ளைகளின் படிப்புக்காக லேக்குக் குடிபெயர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மந்தையில் 186 வெள்ளாடுகள்: பெட்டை 118 (அவற்றில் சினை 94), காயடித்த கிடா 34, முந்தைய ஆண்டுக் குட்டிகள் 28, பொலிகிடா (இனவிருத்திக்கான ஆண்) 6. இவை தவிர 71 செம்மறிகள் தனிப்பட்டியில், எட்டு யாக்குகள்.

காயடித்த கிடாக்களை எதற்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று நம் ஊர் ஆட்டுக்காரர்கள் கேட்கக்கூடும். அவை பெட்டையைவிடக் கூடுதல் முடி தரும். அத்துடன் மந்தைக்கு முன்னால் நடந்து வழிகாட்டும்.

பனிக்கு முந்தைய இலையுதிர்காலம்

இழப்பின் வேர் பிப்ரவரியில் இல்லை, அக்டோபரில் இருந்தது என்பது என் முடிவு. சாங்பாக்கள் ஒரு புல்வெளியைக் கோடையில் தொடாமல் குளிர்காலத்துக்கென்று ஒதுக்கிவைப்பார்கள். அந்த ஆண்டு இலையுதிர்கால மேய்ச்சலுக்குத் தொலைவான பள்ளத்தாக்குக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும். மூத்த மகனும் மருமகளும் இல்லாததால் பெரியவர் மந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். டிசம்பருக்குள் ஒதுக்கீட்டுப் புல்லில் பாதி தீர்ந்துவிட்டது.

வாங்கிவைத்திருந்த தீவனம் 11 கட்டு உலர்ந்த குதிரைமசால் என்னும் தீவனச் செடியும் சில மூட்டை பார்லி வைக்கோலும்தான். வழக்கமான குளிர்காலத்துக்கு அது போதும். அங்கே பனி குறைவாகவே விழும். விழுந்ததையும் காற்று வாரிக்கொண்டு போய்விடும்.

முதல் ஒன்பது நாட்கள்

பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்று நாள் விடாமல் பனி பெய்தது. முழங்கால் அளவு. நான்காம் நாள் நல்ல வெயில். குடும்பத்தார் மகிழ்ந்தார்கள், ஆனால் அந்த வெயில்தான் கெடுத்தது. மேற்பனி உருகி, இரவில் மைனஸ் 30 டிகிரிக் குளிரில் இறுகி, கண்ணாடிபோல ஓடு கட்டிவிட்டது. ஆடு குளம்பால் பனியைக் கிளறிப் புல்லை எடுக்கும். பனிக்கட்டி ஓட்டை அதனால் உடைக்க முடியாது. யாக்குகளை முன்னே நடக்கவிட்டு உடைக்கப் பார்த்தார்கள். உடைந்த இடத்தில் நான்கைந்து ஆடுகளுக்குமேல் நிற்க இடமில்லை. கட்டு கட்டாக வைத்திருந்த குதிரைமசால் நான்கு நாளில் தீர்ந்தது.

ஏழாம் நாள் முதல் ஆடுகள் ஒன்றன் விலாவிலிருந்து ஒன்று முடியைப் பிய்த்துத் தின்னத் தொடங்கின. நான் போனபோதும் அந்த அடையாளங்கள் இருந்தன. பட்டியின் ஓரத்தில் நின்ற ஒரு வெள்ளைப் பெட்டையின் இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு முடி இழந்து, இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. அதைச் சுற்றி எச்சிலில் நனைந்து உறைந்த முடி குச்சி குச்சியாக நின்றது. அந்த உள்ளங்கை அகலம் குளிருக்கு ஒரு திறந்த சன்னல். அந்தக் குடும்பத்துக்கோ அது வருமானத்தில் விழுந்த ஓட்டை.

ஒன்பதாம் நாள் முடிவில் 19 ஆடுகள் இறந்திருந்தன. சினைப் பெட்டை 12, இளங்குட்டி 7. பசி முதலில் யாரை எடுக்குமோ அவர்களைத்தான் எடுத்தது. காயடித்த கிடாக்களில் ஒன்றுகூட இறக்கவில்லை. இந்த ஒரு குறிப்பைப் பெரியவர் தற்செயலாகச் சொன்னார். பின்னால் நோயைக் கண்டுபிடிக்க உதவியது அதுதான்.

பத்தாம் நாள்: தானியம் வந்தது

சிந்து நதிக்கரைச் சாலை மாஹே பாலம் வரை திறந்ததும் நிவாரண வண்டி வந்தது. அதிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு ஆறு மூட்டை கிடைத்தது. நான்கில் பார்லி, இரண்டில் அடர்தீவனக் குருணை. யாக்கின் முதுகில் ஏற்றி மாலைக்குள் தங்கலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்பது நாள் ஆடுகள் கத்தியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். இரண்டு மூட்டை பார்லியை, 100 கிலோவை, பட்டிக்குள் நீளமாகக் கொட்டிவிட்டார்கள். 167 ஆடுகள். சமமாகப் பங்கிட்டிருந்தாலே தலைக்கு அரை கிலோவுக்கு மேல். ஆடுகள் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. செம்மறிகளுக்கு மிச்சமிருந்த வைக்கோலை மட்டும் போட்டார்கள்.

மறுநாள் விடியலில் ஒன்பது ஆடுகள் விறைத்துக் கிடந்தன. மாலைக்குள் மேலும் இரண்டு.

பன்னிரண்டாம் நாள்: நாங்கள் பார்த்தவை

நானும் லடாக்கிக் கால்நடை உதவியாளர் ஒருவரும் அன்று நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். “குளிர் கொன்றுவிட்டது, டாக்டர்-லே” என்றார் பெரியவர். லடாக்கியில் ‘லே’ மரியாதைச் சொல். பக்கத்துத் தங்கலில் இருந்தவர்களோ தொற்றுநோய் என்று அஞ்சி, தங்கள் மந்தையைத் தொலைவில் நிறுத்தியிருந்தார்கள்.

தொற்று என்றால் ஆட்டுக்கொல்லி நோயையும் நுரையீரல் தொற்றையும்தான் முதலில் நினைக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, வாயில் புண் இல்லை, இருமலும் இல்லை. குளிரும் பசியும் காரணம் என்றால் இறந்த வரிசை பொருந்தவில்லை. அந்த 11இல் எட்டு, காயடித்த கிடாக்கள், மந்தையிலேயே வலுவானவை. ஒன்பது நாள் பட்டினியைத் தாங்கிய கிடாக்கள், தீனி வந்த இரவில் ஏன் சாக வேண்டும்? தானியம் தின்னாத செம்மறிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. முட்டி மோதி முன்னால் போய் நிறையத் தின்றவை இறந்திருக்கின்றன. தள்ளப்பட்டுப் பின்னால் நின்ற மெலிந்த பெட்டைகள் பிழைத்திருக்கின்றன.

முந்தைய நாள் மாலை இறந்து இன்னும் முழுதாக உறையாத கிடா ஒன்றைக் கூடாரத்தின் காற்று மறைவில் அறுத்துப் பார்த்தேன். நல்ல ஆட்டின் பெருவயிற்றில் நார்நாராகத் தீவனம் இருக்கும்; பச்சிலை மணம் வரும். இதில் பால் நிறத்தில் கஞ்சிபோல ஒரு திரவம், அதில் உடையாத பார்லி மணிகள், மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. வயிற்றின் உட்புறத்தை விரலால் தடவியதும் அதன் தோல் ஈரக் காகிதம்போல உரிந்து வந்தது. அமிலத்தாள் pH அளவு 5க்கும் கீழே என்று காட்டியது, நல்ல ஆட்டின் வயிற்றுக்கு அது மிகையான அமிலம். அதைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மனைவி மட்டும் குனிந்து முகர்ந்து, “சாங் பானையின் அடி மண்டி” என்றார். பார்லியில் வடிக்கும் கள்ளை அங்கே சாங் என்பார்கள். நான் அரைமணி நேரம் விளக்கியிருக்கக்கூடியதை அவர் ஒரு சொல்லில் பிடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஆட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பட்டினியில் அவை பெருமளவு மடிந்துபோகின்றன. அந்த வெற்று வயிற்றில் மாவுச்சத்து திடீரென வந்து விழுந்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, இரத்தத்தின் அமிலத்தன்மையும் கூடுகிறது. அசிடோசிஸ் என்கிறோம். குடலில் நுண்ணுயிர் நச்சு பெருகும் துள்ளுமாரி நோயும் திடீர்த் தானியத்தால் வரக்கூடியது. ஆய்வகம் இல்லாமல் அதை முழுவதும் விலக்க முடியவில்லை. எப்படியானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: தானியத்தை நிறுத்துவது.

எடுத்த முடிவுகள்

மூட்டைகளை அப்போதே கட்டிக் கூடாரத்துக்குள் வைத்தோம். கண் உள்வாங்கி, பல்லை நறநறத்து, தள்ளாடி நின்ற ஆடுகள் 16. ஒவ்வொன்றுக்கும் 20 கிராம் சமையல் சோடாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் புகட்டி, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டோம். சோர்ந்த ஆட்டுக்கு அவசரமாகப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு ஆட்டுக்குக் கால் மணி நேரம் ஆனது. கொண்டுபோன சோடா இரவுக்குள் தீர்ந்தபோது, வெண்ணெய்த் தேநீரில் போடுவதற்காக அந்த வீட்டில் வைத்திருந்த சோடாவை நீர்க்கக் கரைத்துப் பயன்படுத்தினோம். 16இல் மூன்று இறந்தன. 13 பிழைத்தன.

அடுத்த கேள்வி இன்னும் கடினம். எங்களோடு வந்தது 20 கட்டு உலர்தீவனம். அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரியாது. யாருக்கு முதலில் போடுவது? குட்டி ஈனும் மாதம் நெருங்கிய பெட்டைகளுக்கு முதலில், பிறகு இளங்குட்டிகளுக்கு, கிடாக்களுக்குக் கடைசியில் என்றேன். பெரியவர் ஒப்பவில்லை. பஷ்மினா வாங்கும் வியாபாரியிடம் அவர் முன்பணம் வாங்கியிருந்தார். ஜூனில் எடை கொடுத்தாக வேண்டும், எடை கிடாக்களிடம்தான் இருக்கிறது. அவர் சொன்னது தவறல்ல. இந்த ஆண்டின் கடனா, அடுத்த ஆண்டின் மந்தையா என்ற தேர்வு அது.

முடிவை அம்மாதான், பெரியவரின் மனைவிதான், எடுத்தார். பட்டிக்குள் இறங்கி, ஒவ்வொரு ஆட்டின் முதுகுமுடிக்குள்ளும் கையைவிட்டு முதுகெலும்பைத் தடவினார். தூரத்திலிருந்து பார்த்தால் மந்தை முழுவதும் கொழுகொழுவென்றே தெரிந்தது. குளிர்காலத்தின் முழு முடியும் அடர்ந்து நிற்கும்போது கண்ணால் எதையும் மதிப்பிட முடியாது. “இது வெளியே கொழுத்திருக்கிறது டாக்டர்-லே, உள்ளே ஒன்றுமில்லை” என்று ஒரு பெட்டையை என் பக்கம் தள்ளினார். நானும் கைவிட்டுப் பார்த்தேன். சூடான பஞ்சுக்கு அடியில், ரம்பப் பல்போல எலும்பு. எலும்பு முனை கூராகத் தட்டுப்பட்டவை ஒரு பட்டி, மழுங்கலாகத் தட்டுப்பட்டவை இன்னொன்று, தசை மூடியிருந்தவை மூன்றாவது. ஆணா பெண்ணா என்ற வாதம் அங்கே முடிந்தது. முதல் பட்டிக்குக் காலையும் மாலையும் குதிரைமசால். மற்றவற்றுக்கு வைக்கோலோடு கலந்து ஒருவேளை. என் வரிசையைவிட அது நல்ல வரிசை.

தானியத்தை, நிறுத்திய ஐந்தாம் நாள் மீண்டும் தொடங்கினோம். தலைக்கு ஒரு கைப்பிடி, 50 கிராம், வைக்கோல் தின்ற பிறகு. இரண்டு வாரத்தில் 200 கிராமுக்கு உயர்த்தினோம். அதே மூட்டைகள், அதே பார்லி. அதனால் ஒரு ஆடும் இறக்கவில்லை.

என் பிழை

இரவுக் குளிரை எண்ணிப் பயந்து, சினை ஆடுகளின் பட்டிக்குத் தார்ப்பாயும் பாரசூட் துணியும் கொண்டு கூரை போடச் சொன்னேன். மார்ச் முதல் வாரத்தில் குட்டிகள் பிறக்கத் தொடங்கின. ஆடுகளின் மூச்சு துணியில் பட்டு நீராகி, காலையில் சொட்டியது. தரையில் மூத்திர நெடி கண்ணை எரித்தது. கூரையைப் பகலிலாவது கழற்ற வேண்டும் என்று அம்மா இரண்டு முறை சொன்னார். குளிரில் குட்டி செத்துவிடும் என்று நான் மறுத்தேன். மார்ச் 18க்குள் 12 குட்டிகள் நுரையீரல் அழற்சியில் இறந்தன. அன்றுதான் கூரையை எடுத்தோம். அதன் பிறகு இருமல் குறைந்தது.

உலர்ந்த குளிரை அந்தக் குட்டிகள் தாங்கும். ஈரமான காற்றைத் தாங்காது. இதை நான் கல்லூரியில் படித்திருந்தேன். தெரிந்தும் செய்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் கண்முன் நின்று சொல்லியும் கேட்கவில்லை. அந்த 12இல் சிலவாவது பிழைத்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஜூன் வரையிலான கணக்கு

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இறந்த வெள்ளாடுகள் 42. பட்டினியில் 19, தானியத்தில் 14, பிற்பாடு மெலிவிலும் சினைக்கால நோயிலும் 9. மீந்தவை 144. சினையாக இருந்த 94 பெட்டைகளில் 23 இறந்தன, 17க்குச் சினை கலைந்தது, 54 உயிருள்ள குட்டி ஈன்றன. இந்த இனம் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் ஈனும். 54 குட்டிகளில் ஜூனில் இருந்தவை 33. முன்சொன்ன 12 போக, மற்ற ஒன்பதும் தாய்க்குப் பால் ஊறாமல் இறந்தவை. அண்டைத் தாயின் சீம்பாலைக் கறந்து கொடுத்துப் பார்த்தோம். எல்லா மடியும் வற்றியே கிடந்தது.

முடி முந்தைய ஆண்டு 45 கிலோ. இந்த ஆண்டு 31 கிலோ. பூமுடி கோடையில் வளரத் தொடங்கிக் குளிர்காலத் தொடக்கத்துக்குள் பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடும். ஆகவே பிப்ரவரிப் பட்டினி அந்த ஆண்டின் வளர்ச்சியைப் பெரிதாகத் தொடவில்லை. குறைந்தது ஆடுகளின் எண்ணிக்கையாலும், ஒன்றையொன்று பிய்த்துத் தின்றதாலும். வியாபாரியின் முன்பணத்தில் ஒரு பகுதி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

மாற்றியவை

அந்த நவம்பரில் பெரியவர் 12 கிடாக்களை விற்றார். விற்பதில் அவருக்கு மனமில்லை. ஆனால் குளிர்காலத்தில் தின்னும் வாய் குறைந்தது, கையில் பணமும் வந்தது. அந்தப் பணத்தை எதிர்பார்த்து ஆகஸ்டிலேயே கடன்சொல்லி 50 கட்டு குதிரைமசால் வாங்கிவைத்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறைக்கு அவர் தம்பி குடும்பத்தோடு மந்தையைச் சேர்த்து மேய்த்தார்கள். தொலைவுப் பள்ளத்தாக்குக்குப் போக முடிந்தது, ஒதுக்கீட்டுப் புல் டிசம்பர் வரை தொடப்படாமல் இருந்தது. அக்டோபரிலும் ஜனவரியிலும் எல்லா ஆட்டின் முதுகையும் தடவிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். கூரை இப்போது வடக்குச் சுவரோரம் ஒரு பக்கம் மட்டும். மூன்று பக்கம் திறப்பு.

எங்கள் குழு நிவாரணம் அனுப்பும் முறையை மாற்றிக்கொண்டது. முதல் வண்டியில் உலர்தீவனம் மட்டும். தானியம் பின்னால்தான் போகும், அளந்து கொடுக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போவார். ஒவ்வொரு மூட்டையோடும் ஒரு சிறு தகரக் குவளை வைக்கிறோம். ஒரு ஆட்டுக்கு முதல் நாள் அந்தக் குவளை அளவுதான். காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைவிட அது பயன்பட்டது. 2013இல் அந்த மூட்டைகளோடு ஒரு குவளையும் ஒரு சொல்லும் போயிருந்தால் 14 ஆடுகள் இறந்திருக்க வேண்டியதில்லை.

ஓராண்டுக்குப் பின்

2014 ஜூன் இறுதியில், முடி வாரும் நாட்களில் மீண்டும் போனேன். அந்தக் குளிர்காலத்தில் மூன்று ஆடுகளே இறந்திருந்தன. பனியில் பிறந்து பிழைத்த குட்டிகளில் 31 இருந்தன. அவற்றுக்கு அதுதான் முதல் சீப்பு. பூமுடி முளைக்கும் வேர்க்கால்கள் குட்டி தாயின் வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களிலும் பிறந்த முதல் மாதங்களிலும்தான் உருவாகின்றன. அப்போது பட்டினி என்றால் அந்தக் குறை ஆயுளுக்கும் தொடரக்கூடும். இதை நான் அவர்களிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அம்மா அந்த 31இன் முடியைத் தனிப் பையில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “சீப்பு நிற்காமல் ஓடுகிறது” என்றார். தராசில் வைத்தோம். தலைக்குச் சராசரி 140 கிராம். அதே வயதில் தம்பி மந்தையின் குட்டிகள், குளிர்காலத்தில் வேறு பள்ளத்தாக்கில் பனிக்குத் தப்பியவை, 190 கிராம் தந்திருந்தன. பெரியவர் இரண்டு பைகளையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். 31இல் 16 பெட்டைகள். அவற்றில் முடி மிகக் குறைந்த ஒன்பதை இனவிருத்திக்கு விடாமல் இலையுதிர்காலத்தில் விற்பது என்று அன்று மாலையே முடிவானது. மனைவி அந்த ஒன்பதின் கொம்பிலும் சிவப்பு நூல் கட்டினார்.